பிள்ளைகளுக்கு நூலகத்தில் படிக்கவும் தேடவும் கற்றுக்கொடுப்பது எப்படி?

குலசேகரத்துக்குப் பக்கத்திலிருந்து எழுதியிருக்கும் ஒரு தாயின் கேள்வி இது. மூன்றாம் வகுப்பில் மகன், ஏழாம் வகுப்பில் மகள். சனிக்கிழமைகளில் இருவரையும் கிளை நூலகத்துக்கு அழைத்துப் போகிறார். மகன் படங்களைப் புரட்டிவிட்டுப் பத்து நிமிடத்தில் வீட்டுக்குப் போகலாம் என்கிறான். மகளுக்குப் பள்ளியில் ரப்பர் பற்றி ஒரு புராஜெக்ட் கொடுத்தார்கள். அவள் கைப்பேசியில் தேடி, ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து, அட்டையில் ஒட்டிக் கொடுத்துவிட்டாள். அதிலிருந்து ஒரு வரியைக் காட்டி இதற்கு என்ன பொருள் என்று கேட்டபோது அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. "இவர்களுக்கு என்னென்ன புத்தகங்கள் எடுத்துக் கொடுக்கலாம்?" என்று அந்தத் தாய் முடித்திருக்கிறார். புத்தகப் பட்டியல் கேட்பதுபோல் தோன்றினாலும், அவருடைய கவலை பட்டியலைப் பற்றியதல்ல. நூலகத்துக்குள் போன பிறகு பிள்ளைகளோடு என்ன செய்ய வேண்டும் என்பதுதான் கேள்வி. நான் பதில் சொல்லப்போவதும் அதற்குத்தான்.

நான் நூலக அறிவியல் படித்து, கன்னியாகுமரி மாவட்டக் கிளை நூலகங்களில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். வாசிப்பைப் பற்றி வரும் ஆய்வுகளை இன்றும் தேடிப் படிக்கிறேன். கற்றல் குறைபாடுகளைக் கண்டறியும் பயிற்சி எனக்கு இல்லை. அந்த எல்லைக்குள் நின்றே எழுதுகிறேன். முதலில், மகனுடைய சிக்கலும் மகளுடைய சிக்கலும் வேறு வேறு. அவன் இன்னும் படிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறான். அவள் படித்துத் தெரிந்துகொள்ளக் கற்க வேண்டும். இருவருக்கும் ஒரே அறிவுரையைச் சொன்னால் இருவருக்கும் பயன்படாது.

மகனிடமிருந்து தொடங்குகிறேன். எழுத்துகளைக் கூட்டிச் சொல்லாக்கத் தெரிய வேண்டும்; அந்தச் சொற்களை யாராவது வாசித்துக் காட்டினால் காதால் கேட்டுப் புரிந்துகொள்ளவும் முடிய வேண்டும். வாசிப்பு என்பது இந்த இரண்டும் சேர்ந்தது. 1986இல் கஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைப் பெருக்கல் கணக்காகச் சொன்னார்கள். இரண்டில் ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். அதன்பின் பல மொழிகளில் சோதித்துப் பார்த்தும் அடிப்படை மாறவில்லை. ஆகவே உங்கள் மகனுக்கு எது குறைகிறது என்று முதலில் பாருங்கள். அவன் எடுத்த புத்தகத்தில் ஒரு பக்கத்தை அவனையே மெல்லிய குரலில் வாசிக்கச் சொல்லுங்கள். அடுத்த பக்கத்தை நீங்கள் வாசித்துக் காட்டி, என்ன நடந்தது என்று கேளுங்கள். முதல் பக்கத்தில் தடுமாறி, இரண்டாம் பக்கத்தின் கதையை ஆர்வத்தோடு சொன்னால் அவனுக்கு எழுத்துப் பழக்கம்தான் போதவில்லை. இரண்டாம் பக்கமும் புரியவில்லை என்றால் புத்தகத்தின் மொழி அவன் காதுக்குப் புதியது.

எழுத்துப் பழக்கம் போதாத பிள்ளையைக் கண்டு பெற்றோர் தேவைக்கு மேல் பயப்படுகிறார்கள். ஆங்கிலத்தில் 26 எழுத்துகள். தமிழில் 247. அத்தனையையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை என்பது உண்மை. ஆனால் கொ, கோ, கௌ போன்றவற்றில் குறிகள் மெய்யெழுத்தின் இரு பக்கமும் நிற்கின்றன. ல, ள, ழ ஆகியவற்றையும் ர, ற ஆகியவற்றையும் பிரித்தறியக் கண்ணும் காதும் சேர்ந்து பழக வேண்டியிருக்கிறது. இந்திய எழுத்து முறைகளில் சரளம் வர ஆங்கில நெடுங்கணக்கை விட அதிகக் காலம் பிடிப்பது இயல்பு. மூன்றாம் வகுப்பில் தடுமாறுவது மட்டுமே கவலைக்கான அறிகுறி ஆகாது. இந்த நிலையில் பலன் தருவது ஒரே சிறிய புத்தகத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பது. இதற்கு நல்ல ஆய்வுச் சான்று இருக்கிறது. "இதைத்தான் போன வாரமே எடுத்தாயே" என்று சொல்லி அவன் கையிலிருந்து அதைப் பிடுங்காதீர்கள். ஏற்கெனவே தெரிந்த கதையில்தான் அவன் கண் எழுத்தின் மேல் வேகமாக ஓடப் பழகும்.

இரண்டாவது நிலை, அதாவது புத்தகத்தின் மொழி காதுக்குப் புதிதாக இருப்பது, நம் மாவட்டத்தில் பெரிதும் கவனிக்கப்படாதது. விளவங்கோடு, கல்குளம் பக்கத்து வீடுகளில் பேசும் தமிழுக்கும் பாடநூலில் அச்சான தமிழுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கிறது. சொல், வினைமுடிவு, ஓசை எல்லாமே மாறுகின்றன. சில வீடுகளில் மலையாளமும் கலந்திருக்கிறது. பிள்ளை அறிவில் குறைந்தவன் இல்லை. அச்சில் இருக்கும் மொழியை அவன் போதிய அளவு கேட்டதில்லை, அவ்வளவுதான். இதே நிலை அரபு மொழியிலும் உண்டு. அங்கும் பேச்சுமொழி வேறு, எழுத்துமொழி வேறு. மழலையர் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்து அரபியில் ஐந்து மாதங்கள் கதை வாசித்துக் காட்டியபோது, அவர்கள் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் கூடியதை 1993இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தமிழுக்கும் இது பொருந்தும் என்று நான் நினைப்பதற்குக் காரணம் என் பணி அனுபவம். வீட்டில் தாத்தாவோ அக்காளோ வாசித்துக் காட்டக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அலமாரியை நெருங்கும் விதமே வேறாக இருக்கும். இரவில் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். புத்தகத்தில் இருப்பதை இருக்கிறபடியே வாசியுங்கள், வீட்டுப் பேச்சுக்கு மாற்றாதீர்கள். கடினமான சொல் வந்தால் மட்டும் நிறுத்தி, நம் பேச்சில் இதை எப்படிச் சொல்வோம் என்று கேட்டுவிட்டு மேலே போங்கள்.

ஒரு பக்கத்தில் ஐந்து சொற்களுக்கு மேல் தெரியவில்லை என்றால் அந்தப் புத்தகத்தை வைத்துவிடு என்று பலரும் சொல்வார்கள். கைவிரல் மடக்கிப் பார்க்கும் அந்த முறை வசதியானது, ஆனால் அதற்குப் பின்னால் உறுதியான ஆய்வு கிடையாது. வழிகாட்டியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டு அரசின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்ற நான்கு படிகளில் வருகின்றன. புத்தகம் தேர்ந்தெடுக்கும் பெரியவருக்கு அந்தப் படிகள் உதவும். பிள்ளையிடம் "நீ இன்னும் நட படியில்தான் இருக்கிறாய்" என்று சொல்வதற்கு அவை உருவாக்கப்படவில்லை. புத்தகக் கணக்குக்குப் பரிசு கொடுப்பதைப் பற்றியும் கேட்கிறார்கள். கருத்து பிளவுபட்டிருக்கும் இடம் அது. பரிசு நின்றதும் வாசிப்பும் நின்றுவிடும் என்பாரும் உண்டு, தொடக்கத் தயக்கத்தைப் போக்க உதவும் என்பாரும் உண்டு. பரிசு கொடுத்தே ஆக வேண்டுமென்றால் ஒரு புத்தகமாக இருக்கட்டும்.

இங்கிருந்து மகளிடம் போக ஒரு பாலம் இருக்கிறது. 1988இல் அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் நடுநிலைப் பள்ளி மாணவர்களுக்கு பேஸ்பால் ஆட்டம் பற்றிய ஒரு பகுதியைக் கொடுத்துச் சோதித்தார்கள். வாசிப்பில் பின்தங்கியவர் என்று முத்திரை குத்தப்பட்டு, ஆட்டத்தை நன்கு அறிந்திருந்த மாணவர்கள், வாசிப்பில் முன்னணியில் இருந்தும் ஆட்டம் தெரியாதவர்களை விட அதை நன்றாகப் புரிந்துகொண்டார்கள். நம் ஊரில் இதைக் காண வெகுதூரம் போக வேண்டாம். குளச்சல் கடற்கரையில் வளர்ந்த பையனிடம் வலைகளைப் பற்றிய கட்டுரையைக் கொடுங்கள். தமிழ்ப் பாடத்தில் குறைந்த மதிப்பெண் வாங்குகிறவனும் அதைக் கடைசி வரை படிப்பான், எழுதியவர் எங்கே தவறினார் என்றும் சொல்வான். ஒன்றைப் பற்றி ஏற்கெனவே கொஞ்சம் தெரிந்திருப்பதே அதைப் பற்றி மேலும் படிக்கும் ஆற்றலைத் தருகிறது. ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே வளரும் உங்கள் மகளுக்கு அந்தத் தலைப்பே ஒரு கொடை. அது எப்படிக் கைநழுவியது என்று பார்ப்போம்.

அவளுக்குக் கொடுக்கப்பட்டது தலைப்பு மட்டுமே, கேள்வி அல்ல. 'ரப்பர்' என்று தேடினால் உலகத்தில் ரப்பரைப் பற்றி எழுதப்பட்ட எல்லாமும் வந்து விழும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை அதன் முன் செய்யக்கூடியது முதல் பக்கத்தை அப்படியே எடுப்பதுதான். சோம்பல் அதற்குக் காரணமில்லை. எதை விடலாம், எதை எடுக்கலாம் என்று முடிவு செய்ய ஒரு கேள்வி வேண்டும், அது அவளிடம் இல்லை. ஆகவே தேடலின் முதல் வேலை நூலகத்துக்குப் போகும் முன்பே தொடங்குகிறது. நீங்கள் இருவரும் உட்கார்ந்து, ரப்பரைப் பற்றி அவளுக்கு ஏற்கெனவே தெரிந்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். விடியும் முன்பே பால் வெட்டப் போகிறார்கள். மழை பெய்தால் வெட்டு இல்லை. சிரட்டையிலோ கோப்பையிலோ பால் சேர்கிறது. ஷீட் அடிக்கிறார்கள். வெட்டிலும் கோப்பையிலும் உறைந்து ஒட்டிக்கொள்ளும் ஒட்டுப்பாலுக்கு விலை குறைவு. இப்படி ஒரு பக்கம் நிறையும். பிறகு ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் 'ஏன்' போட்டுப் பாருங்கள். ஏதாவது ஒரு வரியில் அவள் நிற்பாள். "உண்மையிலேயே ஏன் விடியற்காலையில் வெட்டுகிறார்கள்?" என்று கேட்டுவிட்டாளானால் பாதி வேலை முடிந்தது.

இந்தக் கேள்வியை வைத்தே நூலகத்தைக் காட்டுகிறேன். புத்தகங்களுக்குப் பொருள்வாரியாக எண் கொடுக்கும் டூயி தசமப் பகுப்பின்படி அடுக்கப்பட்ட நூலகத்தில் ரப்பர் ஒரே இடத்தில் இருக்காது. மரத்தைப் பயிராக வளர்ப்பது 633இல், தாவரங்களின் உடலும் வாழ்வும் 580 வரிசையில், பாலிலிருந்து பொருள் செய்யும் தொழில் 678இல், இந்திய வரலாறு 954இல் இருக்கும். பிள்ளையின் கேள்வி எந்த அலமாரிக்குரியது என்று அவளையே யோசிக்க வைப்பதுதான் நல்ல பயிற்சி. விடியற்காலைக் கேள்விக்கு 'ரப்பர்' என்று அட்டையில் போட்ட புத்தகம் கைகொடுக்காமல் போகலாம். தாவரவியல் புத்தகம் கைகொடுக்கும். மரப்பட்டைக்குள் பால் ஓடும் நுண்குழாய்கள் இருக்கின்றன. இரவில் இலைகள் வழியாக நீர் அதிகம் வெளியேறுவதில்லை, அதனால் விடியும் நேரத்தில் அந்தக் குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏற நீராவிப்போக்கு கூடி அழுத்தம் குறையும், பால் ஒழுகுவதும் குறையும். நீராவிப்போக்கு அவள் அறிவியல் பாடத்தில் வரும் சொல். தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் ஒரு சொல் தன் வீட்டு வாசலில் நடக்கும் வேலையை விளக்குகிறது என்று ஒரு முறை கண்டுவிட்ட பிள்ளைக்குத் தேடல் என்றால் என்னவென்று தனியாகச் சொல்லித்தர வேண்டாம்.

சிறிய கிளை நூலகத்திலும் ஊர்ப்புற நூலகத்திலும் எண் வரிசை எப்போதும் ஒழுங்காக இருக்காது. பகுதி நேர நூலகங்களில் ஒருவரே எல்லாவற்றையும் பார்க்க வேண்டியிருக்கிறது. அங்கே நூலகரிடம் கேட்கப் பழக்குங்கள். கேட்பவர் நீங்களாக இருக்கக் கூடாது. "ரப்பர் புத்தகம் இருக்கிறதா?" என்று அவள் கேட்டால் இருக்கிறது, இல்லை என்று ஒரு சொல்லில் பதில் வரும். "மரத்துக்குள் நீர் எப்படி ஏறுகிறது என்று சொல்லும் புத்தகம் வேண்டும்" என்று கேட்டால் எந்த நூலகரும் எழுந்து அலமாரிக்கு வருவார். சீர்காழியில் பிறந்து, கணக்கு ஆசிரியராக இருந்து நூலகத் துறைக்கு வந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் ஐந்து விதிகளைத் தந்தார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது இரண்டாவது விதி. மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் அந்த விதியில் சொல்லப்படும் வாசகர்தான் என்பதை நூலகரும் பெற்றோரும் மறக்கக் கூடாது.

புத்தகம் கைக்கு வந்ததும் பிள்ளைகள் முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கி மூன்றாம் பக்கத்தில் களைத்துவிடுகிறார்கள். தகவல் நூலை அப்படிப் படிக்க வேண்டியதில்லை என்று யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. முன்னால் இருக்கும் பொருளடக்கம், எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று பின்னால் அகரவரிசையில் காட்டும் பொருளடைவு, படங்களின் கீழே உள்ள வரிகள் ஆகிய மூன்றையும் முதலில் பார்க்கட்டும். பொருளடைவில் 'பால்' இல்லையென்றால் 'மரப்பால்' என்று பார், அதுவும் இல்லையென்றால் 'நீராவிப்போக்கு' பார் என்று வேறு சொற்களைத் தேட வையுங்கள். கணினியில் தேடும்போதும் இதே திறன்தான் வேண்டும். தமிழ்ப் புத்தகங்கள் பலவற்றில் பொருளடைவே இருப்பதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம். அதனால் இதைப் பழக ஏற்றவை கலைக்களஞ்சியங்கள். பெ. தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் பத்துத் தொகுதிகளில் வெளியிட்ட கலைக்களஞ்சியமும், அதன்பின் வந்த குழந்தைகள் கலைக்களஞ்சியமும் இன்றும் குறிப்புதவிப் பகுதிகளில் கிடைக்கின்றன, இணையத்திலும் படிக்கலாம். அவை பழையவை என்பதே கற்பிப்பதற்கு ஒரு வசதி. அக்காலக் கலைக்களஞ்சியங்களில் புளூட்டோ ஒன்பதாவது கோள். 2006இல் அது குறுங்கோள் ஆனது. புத்தகத்தின் முன்பக்கத்தில் பதிப்பாண்டைப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணத்தைப் பிள்ளைக்குக் காட்ட முடியாது. செய்தித்தாள்களுக்கும் இது பொருந்தும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் நம் கடற்கரையைத் தாக்கிய மறுநாள் வந்த செய்தியையும், ஒரு மாதம் கழித்து வந்த செய்தியையும் பக்கத்தில் வைத்துப் படித்தால், காணாமல் போனவர் கணக்கு எப்படி மாறியது, முதல் நாள் எழுதியவருக்கு எதெல்லாம் தெரிய வழியில்லை என்பது விளங்கும். அந்தத் துயரைப் பெற்ற குடும்பங்கள் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. கடலோரப் பிள்ளைகளோடு இதைச் செய்யும்போது மிகுந்த கவனம் வேண்டும்.

குறிப்பு எடுப்பதற்கு ஒரே விதி போதும். ஒரு பக்கத்தைப் படி, புத்தகத்தை மூடு, நினைவில் நிற்பதை மூன்று வாக்கியங்களில் எழுது, பிறகு திறந்து சரிபார். திறந்த புத்தகத்தைப் பார்த்து எழுதும் கை எழுத்துகளைப் படம் பிடிக்கிறது, மனம் அதில் பங்கு கொள்வதில்லை. படித்ததை மூடிவைத்து நினைவுகூர்ந்தால் மறதி குறையும் என்பது உளவியலில் மிக உறுதியாக நிறுவப்பட்ட முடிவுகளில் ஒன்று. குறிப்பின் கீழே நூலின் பெயர், ஆசிரியர், ஆண்டு, பக்கம் எழுதட்டும். தோட்டத்தில் பால் வெட்டும் தொழிலாளரிடம் கேட்டிருந்தால் அவர் பெயரையும் கேட்ட நாளையும் எழுதட்டும். அவரும் ஓர் ஆதாரம். பல விவரங்களில் புத்தகத்தை விட நம்பகமான ஆதாரம்.

இனிக் கைப்பேசி. அதைத் தடை செய்யச் சொல்லமாட்டேன். தமிழ் விக்கிப்பீடியா 2003 முதல் இருக்கிறது, தேடலைத் தொடங்க நல்ல இடம். இப்போது பிள்ளைகள் கேள்வியைச் செயற்கை நுண்ணறிவிடமே கேட்டுவிடுகிறார்கள். அது சரியான பதிலையும் தவறான பதிலையும் ஒரே உறுதியான குரலில் சொல்கிறது. அதனால் சரிபார்க்கும் பழக்கம் முன்னைவிட இப்போது அதிகம் தேவை. இதைக் கற்பிக்க உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே அருமையான பாடம் இருக்கிறது. பேச்சிப்பாறைப் பாசனத்துக்காகப் பறளியாற்றின் மேல் 1960களில் கட்டிய, கால்வாய் நீரைத் தாங்கிச் செல்லும் மாத்தூர் தொட்டிப்பாலத்தின் நீளம் எவ்வளவு என்று தேடச் சொல்லுங்கள். சில பக்கங்கள் ஒரு கிலோமீட்டர் என்கின்றன. வேறு சில ஆயிரத்து இருநூறு அடிக்குச் சற்று மேல் என்கின்றன. 1,200 அடி என்பது சுமார் 366 மீட்டர். இரண்டும் சரியாக இருக்க வழியே இல்லை. ஆசியாவிலேயே நீளமானது, தெற்காசியாவிலேயே நீளமானது என்றெல்லாம் வரும். அளந்து ஒப்பிட்டவர் யார் என்று எங்கேயாவது எழுதியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பத்துப் பக்கங்களில் ஒரே வாக்கியம் எழுத்து மாறாமல் இருந்தால் அவை பத்து ஆதாரங்கள் அல்ல, ஒன்றுதான். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பாலத்துக்கே போங்கள். அதன் மேல் நடந்து போகலாம். ஒரு அடிவைப்பு அரை மீட்டர் என்று வைத்து எண்ணினால் எழுநூற்றுச் சொச்சம் வருகிறதா, இரண்டாயிரம் வருகிறதா என்று அவளே சொல்லிவிடுவாள். தூண்கள் 28 என்று பெரும்பாலும் எழுதுகிறார்கள். தம்பி கீழே நின்று எண்ணட்டும்.

இது பிள்ளை விளையாட்டு அல்ல. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் வரலாற்று முனைவர்கள், பல்கலைக்கழக மாணவர்கள், தொழில்முறைச் செய்தி சரிபார்ப்பாளர்கள் ஆகிய மூன்று தரப்பினரிடமும் இணையப் பக்கங்களைக் கொடுத்து மதிப்பிடச் சொன்னார்கள். முதல் இரு தரப்பினரும் கொடுத்த பக்கத்துக்குள்ளேயே நின்று, அதன் தோற்றத்தையும் நடையையும் பார்த்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் சில நொடிகளிலேயே பக்கத்தை விட்டு வெளியேறி, இதை எழுதியவர் யார், மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று வேறு இடங்களில் பார்த்தார்கள். சரியான முடிவுக்கு விரைவில் வந்தவர்கள் அவர்களே. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைக் கற்றுக்கொடுக்க முடியும். ஒன்றை நம்பும் முன் அதை விட்டு வெளியே போய் இரண்டு பேரிடம் கேள் என்று சொன்னால் போதும்.

திரையா, அச்சா என்ற வழக்கில் நான் அச்சின் பக்கம்தான். ஆனால் சான்று எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவுதான் சொல்ல வேண்டும். 54 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2018ஆம் ஆண்டு ஆய்வொன்றில், தகவல் கட்டுரைகளைப் புரிந்துகொள்வதில் தாளுக்குச் சிறிய முன்னிலை இருந்தது. கதைகளில் அப்படித் தெளிவான வேறுபாடு இல்லை. பாடத்துக்கான வாசிப்பு தாளில் இருக்கட்டும், கதை எதில் கிடைத்தாலும் படிக்கட்டும்.

ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளை எந்த மொழியில் படிக்க வேண்டும் என்று பலர் கேட்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். எதில் நன்றாகப் புரிகிறதோ அதில் தேடத் தொடங்கட்டும். ஒரு மொழியில் சேர்ந்த அறிவு மற்ற மொழி வாசிப்புக்கும் உதவும். ஆனால் எழுத்தைக் கூட்டும் பழக்கம் ஒவ்வொரு மொழியிலும் தனித்தனியாகத்தான் வரும். தமிழ் பேசத் தெரிகிறது, படிக்கத் தானாக வந்துவிடும் என்று விட்டுவிட்ட வீடுகளில் பத்தாம் வகுப்பில் பிள்ளை தவிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

பள்ளியைப் பற்றியும் ஒரு சொல். புராஜெக்டுக்கு மதிப்பெண் போடும் ஆசிரியர்களிடம் பளபளப்பான பிரிண்டுக்குத்தான் மதிப்பு என்றால் உங்கள் மகள் கையால் எழுதிய இரண்டு பக்கம் எடுபடாமல் போகலாம். வகுப்பாசிரியரைப் பார்த்துப் பேசுங்கள். தலைப்புக்குப் பதில் கேள்வியாகக் கொடுக்க முடியுமா, கடைசியில் ஆதாரம் எழுதினால் அதற்கு ஒரு மதிப்பெண் ஒதுக்க முடியுமா என்று கேளுங்கள். நேரம் இல்லாமல் ஓடும் ஆசிரியர்களும் இப்படிச் சிறிய, தெளிவான வேண்டுகோளுக்குக் காது கொடுப்பார்கள்.

நூலகத்தில் நல்ல சிறுவர் புத்தகம் இல்லையே என்ற குறையும் கேட்கிறது. பல இடங்களில் அது உண்மை. ஆனால் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின்படி நீங்கள் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தே வசூலாகிறது. வேண்டிய புத்தகங்களைக் குறித்து நூலகரிடம் கொடுங்கள், வாசகர் வட்டக் கூட்டத்தில் எழுப்புங்கள். கிளையில் இல்லாததை நாகர்கோவில் மாவட்ட மைய நூலகத்தில் விசாரியுங்கள். 2011 கணக்கெடுப்பில் நம் மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 விழுக்காடு, மாநிலத்திலேயே முதலிடம். அந்த எண்ணைச் சொல்லிப் பெருமைப்படும் ஊரில் சிறுவர் அலமாரி காலியாக இருப்பதை நாம் பொறுத்துக்கொள்ளக் கூடாது.

கடைசியாக, உங்கள் கேள்வியின் ஓரத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். "நானே பத்தாம் வகுப்புக்குப் பிறகு புத்தகம் தொட்டதில்லை, நான் என்ன சொல்லிக் கொடுக்க முடியும்?" சகோதரி, விடை தெரிந்த பெரியவர் பக்கத்தில் இருந்தால் பிள்ளை தேடாது, அவரையே பார்க்கும். உங்களுக்கும் விடை தெரியாதபோது நீங்கள் கேட்கும் கேள்வி உண்மையான கேள்வியாக இருக்கும், அது பிள்ளைக்குத் தெரியும். ஆகவே அவர்களைப் புத்தகங்களோடு விட்டுவிட்டு வாசலில் காத்திருக்க வேண்டாம், பக்கத்தில் உட்காருங்கள். அடுத்த சனிக்கிழமை மகளிடம் விடியற்காலைக் கேள்வியைக் கொடுத்து, அவளையே நூலகரிடம் பேச விடுங்கள். மகனுக்கு இரண்டு புத்தகங்கள் எடுங்கள், அவன் தேர்ந்தெடுத்தது ஒன்று, இரவில் நீங்கள் வாசித்துக் காட்ட ஒன்று. சில மாதங்கள் இப்படி வாசித்த பிறகும் அவனுக்கு எளிய சொற்களே கூடிவரவில்லை, எழுத்துகள் இடம் மாறித் தெரிகின்றன என்றால் முதலில் கண் பரிசோதனை செய்யுங்கள். பிறகு வகுப்பாசிரியர் வழியாகக் கற்றல் குறைபாடுகளை அறிந்த நிபுணரிடம் காட்டுங்கள். அந்த இடத்தில் என் அனுபவத்தை விட அவர்களுடைய பயிற்சியே நம்பத் தக்கது.